ஓலை வாசிக்காத கல்யாணம்

மதிப்பிற்குரிய ஆலோசகர் அம்மாவுக்கு,

கோத்தகிரிப் பக்கம் ஒரு சின்ன கத்தோலிக்கப் பங்கிலிருந்து எழுதுகிறேன். என் பெயர் வேண்டாம், ஊர் பெயரும் வேண்டாம். மொத்தமே 115 குடும்பங்கள் உள்ள பங்கு. ‘ரிட்டயர்டு டீச்சர்’ என்று போட்டாலே பாதிப் பேர் கண்டுபிடித்துவிடுவார்கள். பரவாயில்லை.

எனக்கு வயது 61. இலங்கைத் தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்ப சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் போட்ட 1964ஆம் வருடம்தான் பிறந்தேன், இலங்கையில், அட்டன் பக்கம் ஒரு தோட்ட லயத்தில். ஒன்பது வயதில் தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் கொஞ்ச நாள் இருந்து, இந்த மலைக்கு வந்தோம். தாயகம் திரும்பியவர்களுக்காக அரசு போட்ட தேயிலைத் தோட்டத்தில் அப்பாவுக்கு வேலை. அவருக்கு நன்றாக எழுதப் படிக்க வரும். லைனில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) யாருக்கு இலங்கையிலிருந்து கடிதம் வந்தாலும் எங்கள் வீட்டு வாசலுக்குத்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். நல்ல செய்தி என்றால் நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி வாசிப்பார். சாவுச் செய்தி என்றால் முதலில் தான் ஒரு முறை மனதுக்குள் படித்துவிட்டு, வந்தவரை உட்காரச் சொல்லி, டீ கொடுத்துவிட்டு, அப்புறம்தான் ஆரம்பிப்பார். செய்தி சொல்வதை நான் அவரிடம்தான் கற்றுக்கொண்டேன்.

பதினோரு வருடமாக எங்கள் பங்கு மடலை நான் எழுதிக்கொண்டிருந்தேன். மாதம் ஒன்று. ஏ4 தாளை நடுவில் மடித்தால் நாலு பக்கம். முன்பக்கம் பங்குத்தந்தையின் சிந்தனை (எந்த ஃபாதரும் சொன்ன நாளில் எழுதிக் கொடுத்ததில்லை, பல மாதம் நானே எழுதி அவர் பெயரைப் போட்டிருக்கிறேன்). உள்ளே திருப்பலிக் கருத்துகள், வாசகம் வாசிப்பவர்கள், எந்த ஞாயிறு எந்த அன்பியம் (பக்கத்து வீடுகள் சேர்ந்த பங்குக் குழு) கோயில் சுத்தம் செய்ய வேண்டும், ஞானஸ்நானம், புதுநன்மை, கல்யாண ஓலை (கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கோயிலில் வாசிக்கிற அறிவிப்பு), இறந்தவர்களின் ஆண்டு நினைவு. ஆனால் எல்லாரும் முதலில் திருப்புவது கடைசிப் பக்கத்தைத்தான். யார் வீட்டுப் பிள்ளை பிளஸ் டூவில் எத்தனை மார்க், யார் புது வீடு மந்திரித்தார்கள், யார் கோயம்புத்தூரில் ஆபரேஷன் முடிந்து திரும்பியிருக்கிறார்கள், எல்லாம் அதில் இருக்கும். ஒரு வருடம் கரடி வந்து குருசடிக் கதவைப் பிய்த்து விளக்கு எண்ணெயைக் குடித்துவிட்டுப் போனது. ‘திருவிழாவுக்கு முன்கூட்டியே வந்த விருந்தாளி’ என்று போட்டேன். பக்கத்துப் பங்குகளில்கூடக் கேட்டு வாங்கிப் படித்தார்கள்.

இந்தச் செய்தி எல்லாம் தானாக வந்துவிடுமா? ஒவ்வொரு மாதமும் கடைசி வாரம் நடப்பேன். நாலு லைன், நடுவில் இரண்டு ஹட்டி (படுகர் ஊர்) தாண்ட வேண்டும். ஆறு மணிக்கு மேல் காட்டுமாடு ரோட்டுக்கு இறங்கிவிடும் என்பதால் மூன்று மணிக்கே கிளம்பிவிடுவேன். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு டம்ளர் வரக்காப்பி, அரை மணி நேரம் பேச்சு.

போன ஜூனில் மாற்றலாகி ஒரு இளம் ஃபாதர் வந்தார். வந்த இரண்டாவது மாதம், ஞாயிறு திருப்பலியில் நற்கருணைக்குப் பிறகு அறிவிப்பு வாசிக்கும்போது, “அடுத்த மாதத்திலிருந்து பங்கு மடல் கிடையாது, எல்லாரும் வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்துகொள்ளுங்கள், பேப்பர் செலவும் மிச்சம்” என்றார். மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து, ஊரோடு ஊராக நானும் அதைக் கேட்டேன். என்னிடம் தனியாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. பங்குப் பேரவைக் கூட்டத்தில் பேசிப் பார்த்தேன். என் அன்பியத்துக்காரர்கள்கூட வாயைத் திறக்கவில்லை. இப்போது குழுவில் காலையில் ஐம்பது ‘குட்மார்னிங்’ பூ, நடுவில் ஒரு மரண அறிவிப்பு, அதற்குக் கீழே யாரோ வித்த ஸ்கூட்டர் விளம்பரம். மூன்றாவது லைன் பாட்டி இன்னும் என்னைப் பார்த்து, “டீச்சரு, இந்த மாசம் பேப்பர் வரலியா?” என்கிறாள். அவளிடம் பட்டன் போன்தான் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் ஒரே மகன், 31 வயது, கோயம்புத்தூரில் வேலை. திருப்பூர்ப் பெண் ஒருத்தியை விரும்பினான், இந்துக் குடும்பம். இரண்டு வருடமாக என்னிடம் சொல்லிக்கொண்டுதான் இருந்தான். ‘நம்ம கோயிலில் ஓலை வாசிக்காத கல்யாணம் இந்த வீட்டில் நடக்காது’ என்று சொல்லிவிட்டேன். சாமியாரிடம் போய்க் கேட்கவும் எனக்கு மனம் வரவில்லை. இரண்டு மாதத்துக்கு முன்னால் ரிஜிஸ்டர் ஆபீசில் கட்டிக்கொண்டான். போன் செய்து சொன்னான். நான் வைத்துவிட்டேன். இவர், என் கணவர், “விடு, நடந்தது நடந்துபோச்சு” என்கிறார். அவர் எப்போதும் அப்படித்தான், வாய் பேசாத மனுஷர். மாதம் இரண்டு தடவை மேட்டுப்பாளையம் போய் பிரஷர் மாத்திரை வாங்கி வருவார், தோட்டத்தைப் பார்ப்பார், ஜெபமாலை சொல்வார், தூங்கிவிடுவார்.

கல்யாணம் முடிந்த நாலாம் நாள், அந்த வாட்ஸ்அப் குழுவில் போட்டோ வந்துவிட்டது. மாலையும் கழுத்துமாக இரண்டு பேரும். ‘நம்ம டீச்சர் மகன் திருமணம், மணமக்களுக்கு வாழ்த்துகள்’ என்று எழுதி. போட்டது எங்கள் அன்பியத்து அம்மாள் ஒருத்தி. அவள் வேண்டுமென்றேதான் போட்டாள் என்று எனக்குத் தெரியும். 2019இல் அவள் மகளும் இப்படித்தான் ரிஜிஸ்டர் கல்யாணம் செய்தாள். மடலில் நாலு வரி போடச் சொல்லி வந்தாள். ‘விதிவிலக்கு வாங்கிக் கோயிலில் நடந்த கல்யாணம் என்றால் போடுவேன், இதெல்லாம் மடலில் போட முடியாதும்மா’ என்று நான்தான் திருப்பி அனுப்பினேன். அதை மனதில் வைத்திருந்து தீர்த்துக்கொண்டாள். அந்தப் போட்டோவுக்குக் கீழே 61 பேர் கைகூப்பு, பூ, கேக். ஒருத்தி, ‘எங்ககிட்ட சொல்லவே இல்லையே டீச்சர்’ என்று போட்டிருந்தாள். எவ்வளவு குத்தல் பாருங்கள்! குழுவிலிருந்து வெளியே வந்துவிட்டேன்.

ஏழு ஞாயிறாக எங்கள் கோயிலுக்குப் போகவில்லை. பஸ் ஏறி ஊட்டிக்குப் போய், காந்தல் குருசடியில் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். திருச்சிலுவையின் திருப்பண்டம் இருக்கிற இடம், மே மாதத் திருவிழாவுக்கு வருடா வருடம் பங்கிலிருந்து வேன் பிடித்துப் போவோம். இப்போது தனியாகப் போகிறேன். அங்கே என்னை யாருக்கும் தெரியாது. அங்கேயும் நற்கருணை வாங்கப் போவதில்லை. எந்த முகத்தோடு போவது?

இரவு மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. சோறு இறங்கவில்லை. ஃபாதர் மேல் இருக்கிற கோபம் நெஞ்சில் கல் மாதிரி இருக்கிறது. இந்தக் கோபத்தை எப்படிப் போக்குவது? பேசாமல் வேறு பங்குக்கு மாறிவிடலாமா?

இப்படிக்கு,
ஒரு வாசகி, நீலகிரி


அன்புள்ள டீச்சர்,

உங்கள் கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே கொடுத்திருக்கிறேன். அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியும் இருக்கிறேன், ஆகவே பாதிப் பேர் கண்டுபிடிக்க மாட்டார்கள், கால்வாசிப் பேர்தான். முழுக் கடிதம் எட்டுப் பக்கம். அதில் மடல், வாட்ஸ்அப், பங்குத்தந்தை மட்டும் ஐந்தரைப் பக்கம். மகனுக்குப் பதினாறு வரி. எண்ணினேன், தப்பாக நினைக்காதீர்கள். ஒருவர் எந்த இடத்தில் நின்று நிதானமாகப் பேசுகிறார், எந்த இடத்தை ஓடிக் கடக்கிறார் என்று பார்ப்பது எங்கள் தொழில் பழக்கம். உங்கள் கேள்வி கோபத்தைப் பற்றியது. நான் அந்தப் பதினாறு வரியில்தான் அதிக நேரம் உட்காரப் போகிறேன்.

முதலில் மடல். உங்கள் வருத்தத்தில் நியாயம் இருக்கிறது. பதினோரு வருட உழைப்பை நிறுத்துகிறவர், பீடத்திலிருந்து அறிவிப்பதற்கு முன்னால் உங்கள் வீட்டுக்கு வந்து ஒரு காப்பி குடித்துவிட்டுச் சொல்லியிருக்கலாம். உங்கள் அப்பா சாவுச் செய்தி சொன்ன முறை அந்த இளைஞருக்குத் தெரியவில்லை. ஆனால் முடிவெடுக்கும் உரிமை அவருக்கு இருந்தது என்பதும் உண்மை. நான் கிறிஸ்தவள் இல்லை, கான்வென்ட்டில் படித்தவள், அவ்வளவுதான். அதனால் எனக்குப் பழக்கமான ஒரு குருவானவரிடம் கேட்டேன். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 536ஆம் விதிப்படி, பங்குப் பேரவைக்கு ஆலோசனை சொல்லும் உரிமை மட்டும்தான் உண்டாம். உங்கள் அன்பியத்துக்காரர்கள் வாய் திறந்திருந்தாலும் மடல் நின்றிருக்கலாம். அவர்கள் பேசாமல் இருந்தது உங்களுக்கு எதிராகத்தான் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். புது ஃபாதர் வந்து இரண்டாவது மாதத்தில் எந்த ஊரில் யார் வாய் திறந்திருக்கிறார்கள்?

இன்னொன்று. நீங்கள் இழந்ததாக எழுதுவது மடலை. ஆனால் உங்கள் வரிகளில் உயிர் வருகிற இடம் வேறு: மூன்று மணிக்குக் கிளம்புவது, காட்டுமாடு, வரக்காப்பி, அரை மணி நேரப் பேச்சு. நாலு பக்கத் தாளை நிறுத்த ஃபாதரால் முடியும். மாதக் கடைசியில் மூன்றாவது லைன் வரை நடந்துபோய் அந்தப் பாட்டியிடம் ஊர்க்கதை சொல்ல யார் அனுமதியும் தேவையில்லை. நீங்களோ மடலோடு நடையையும் நிறுத்திவிட்டீர்கள். ஏன்? ஆகஸ்டில் மடல் நின்றது. அப்போது உங்கள் மகன் உங்களிடம் கெஞ்சிக்கொண்டிருந்த நேரம். வீடு வீடாகப் போனால், “தம்பிக்கு எப்ப டீச்சர் கல்யாணம்?” என்று எல்லாரும் கேட்டிருப்பார்கள். மடல் நின்றதில் உங்களுக்குள் ஒரு ஓரம் நிம்மதிகூட அடைந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. நான் தப்பாகச் சொன்னால் கடிதம் போட்டுத் திட்டுங்கள்.

சரி, பதினாறு வரிக்கு வருகிறேன்.

‘சாமியாரிடம் போய்க் கேட்கவும் எனக்கு மனம் வரவில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். வேறு ஒரு தாய் இதை எழுதியிருந்தால், அவருக்கு வழி தெரியாது என்று நினைத்திருப்பேன். உங்களுக்குத் தெரியும். கத்தோலிக்கர் ஒருவர் ஞானஸ்நானம் பெறாதவரைக் கட்டிக்கொள்ள ஆயரிடம் விதிவிலக்கு வாங்கினால் கோயிலிலேயே திருமணம் நடக்கும். பெண் மதம் மாற வேண்டியதும் இல்லை. அப்படி நடந்த கல்யாணங்களை நீங்களே மடலில் போட்டிருக்கிறீர்கள். அந்த அம்மாளுக்கு 2019இல் நீங்களே எடுத்துச் சொல்லியும் இருக்கிறீர்கள். ஊருக்கே வழி சொன்னவர் தன் பிள்ளைக்காக அந்த வாசலைத் தட்டவில்லை. தட்டினால் அது செய்தியாகிவிடும். அடுத்தவர் வீட்டுச் செய்தியை எழுதுகிற கை, தன் வீட்டுச் செய்தி வந்ததும் மடங்கிக்கொண்டது.

இதைக் குற்றம் சாட்டுவதற்காகச் சொல்லவில்லை. செய்தி சொல்கிற இடத்தில் இருப்பவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். நீங்கள் 115 வீட்டின் சங்கதிகளையும் தெரிந்து வைத்திருந்தீர்கள். உங்கள் வீட்டைப் பற்றி அவர்களுக்கு நீங்கள் சொல்லியது மட்டும்தான் தெரியும். அது ஒரு பாதுகாப்பு. அந்தப் போட்டோ அதைத்தான் உடைத்தது.

அந்த 61 பதில்களைப் பற்றி நீங்கள் முழுக் கடிதத்திலும் விவரமாக எழுதியிருக்கிறீர்கள். நான் தேடித் தேடிப் பார்த்தேன். ஒருவர்கூடக் கேலி செய்யவில்லை. ஒருவர்கூட ‘எந்தக் கோயிலில்?’ என்று கேட்கவில்லை. உங்களைக் குத்திய ஒரே வரி, ‘எங்ககிட்ட சொல்லவே இல்லையே டீச்சர்’. இதை நாலு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். உங்கள் மலையில் கல்யாணத்துக்கு அழைக்கப்படாத சித்தி எப்படிச் சொல்வாள்? இந்த மாதிரிதான் சொல்வாள். பதினோரு வருடமாகத் தன் வீட்டு நல்லது கெட்டதை எல்லாம் உங்களிடம் கொட்டியவர்களின் முறைப்பாடு அது. அதில் உரிமை இருக்கிறது. கேலியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஹெலன் பிளாக் லூயிஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1971இல் ஒரு வித்தியாசத்தைத் தெளிவாகப் பிரித்துக் காட்டினார். குற்ற உணர்வு வரும்போது மனம் செய்த காரியத்தைப் பார்க்கிறது: ‘இப்படிச் செய்துவிட்டேனே’. அவமானம் வரும்போது மனம் தன்னையே பார்க்கிறது: ‘நான் இப்படிப்பட்டவள்’. குற்ற உணர்வுக்குச் செய்ய ஒரு வேலை இருக்கும், போய்ச் சரிசெய்யலாம், மன்னிப்புக் கேட்கலாம். அவமானத்துக்குத் தெரிந்ததெல்லாம் ஒளிந்துகொள்வதுதான். தூணுக்குப் பின்னால், கடைசி பெஞ்சில், முப்பது கிலோமீட்டர் தள்ளி, யாருக்கும் முகம் தெரியாத குருசடியில்.

உங்களுக்குள் இரண்டும் இருக்கின்றன என்று நினைக்கிறேன். மகன் விஷயத்தில் அவமானம். குற்ற உணர்வு வேறொரு இடத்தில் இருக்கிறது. 2019இல்.

அந்த அம்மாள் பழிவாங்கத்தான் போட்டோ போட்டாளா? எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. இருக்கலாம். அல்லது, தன் மகளுக்கு யாரும் சொல்லாத வாழ்த்தை இன்னொரு பிள்ளைக்காவது சொல்லுவோம் என்று போட்டிருக்கலாம். அப்படி ஒரு வலியை அனுபவித்தவர்கள் இரண்டு விதமாகவும் நடப்பார்கள், ஒரே ஆள் ஒரே நாளில்கூட இரண்டு விதமாகவும். ஆனால் அவள் மனதில் என்ன இருந்தாலும், ஆறு வருடத்துக்கு முன் அவள் உங்கள் வாசலில் நாலு வரிக்காக நின்றாள், நீங்கள் சட்டம் சொல்லி அனுப்பினீர்கள். இப்போது அந்த நாலு வரியின் எடை உங்களுக்குத் தெரிகிறது. உங்கள் கடிதம் முழுவதிலும் நீங்கள் போய்ச் செய்யக்கூடிய காரியம் என்று எனக்குத் தெரிந்தது இது ஒன்றுதான். அவள் வீட்டுக்குப் போங்கள். போட்டோவைப் பற்றிக் கேட்காதீர்கள், உங்கள் மகனைப் பற்றியும் ஆரம்பிக்காதீர்கள். “அன்னைக்கு உன் மகளோட கல்யாணத்தை நான் போட்டிருக்கணும்மா” என்று சொல்லுங்கள். அவள் அழலாம், சண்டை போடலாம், இரண்டு பேரும் சேர்ந்து அழலாம். வரக்காப்பி நிச்சயம் கிடைக்கும்.

நற்கருணை பற்றி. இதையும் அந்தக் குருவானவரிடம் கேட்டேன். சட்டத்தால் தடுக்கப்படாத, ஞானஸ்நானம் பெற்ற எவருக்கும் நற்கருணை மறுக்கக் கூடாது என்கிறது 912ஆம் விதி. மகன் ரிஜிஸ்டர் கல்யாணம் செய்தான் என்பதற்காகத் தாயைத் தடுக்கிற விதி எதுவும் இல்லை என்றார். மகனுக்கு இருக்கிற சிக்கல் அவனுடையது. பின்னால் அவன் விரும்பினால் அந்தத் திருமணத்தைத் திருச்சபை முறைப்படி செல்லுபடியாக்கவும் வழிகள் உண்டு, அதை அவன்தான் கேட்க வேண்டும். (தயவுசெய்து முதல் போன் காலிலேயே இதை ஆரம்பித்துவிடாதீர்கள்.) ஏழு ஞாயிறாக உங்களுக்குத் தண்டனை கொடுத்துக்கொண்டிருப்பது யார் என்று பார்த்தால், ஃபாதர் இல்லை, ஆயர் இல்லை. உங்கள் பங்குத்தந்தையிடம் நேரில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். அதே சந்திப்பில் மடல் விஷயத்தில் மனம் புண்பட்டதையும் சொல்லிவிடலாம், அவருக்கும் கற்றுக்கொள்ள வயசிருக்கிறது.

ஓலையைப் பற்றி உங்களுக்கு ஒன்று சொல்ல ஆசை. திருமணத்தை முன்கூட்டியே மூன்று முறை கோயிலில் அறிவிக்க வேண்டும் என்று 1563இல் கத்தோலிக்க ஆயர்களின் திரெந்து பொதுச்சங்கம் கண்டிப்பாக்கியது, ஊருக்குத் தெரியாமல் ஒளித்துக் கட்டுகிற கல்யாணங்களை நிறுத்தத்தான். 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டமும் ஏறக்குறைய அதையே கேட்கிறது. இரு மதத்தார் அந்தச் சட்டப்படி கட்டிக்கொள்ள, பதிவு அலுவலகத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தில் அதை ஒட்டி வைப்பார்கள். ஆட்சேபம் இருப்பவர்கள் சொல்ல 30 நாள் அவகாசம். உங்கள் மகன் கல்யாணம் அந்தச் சட்டப்படி நடந்திருந்தால், அவன் பெயரும் அந்தப் பெண்ணின் பெயரும் ஒரு மாதம் ஒரு சுவரில் தொங்கியிருக்கும். மூன்று ஞாயிறு வாசிக்கிற ஓலையைவிட அதிக நாள். நீங்கள் எழுதாத ஓலை, அவ்வளவுதான். அவன் இரண்டு வருடம் உங்களிடம் சொன்னான், கல்யாணம் முடிந்ததும் போனில் சொன்னான். ஒளித்துக் கட்டியவன் என்று அவனை என்னால் நினைக்க முடியவில்லை.

தூக்கம் போனதையும் சாப்பாடு இறங்காததையும் லேசாக விட வேண்டாம். இரண்டு மாதம் என்பது நீண்ட காலம். முதலில் ஒரு பொது மருத்துவரைப் பாருங்கள், உங்கள் வயதில் தைராய்டு, சர்க்கரை, இரத்தசோகை எல்லாவற்றையும் பார்த்துவிடுவது நல்லது. மனச்சோர்வு என்று அவர் சொன்னால் அதற்கும் மருந்து இருக்கிறது, வெட்கப்பட ஒன்றும் இல்லை. நள்ளிரவு மூன்று மணிக்கு யாரிடமாவது பேச வேண்டும் போல இருந்தால், 14416 என்ற டெலி-மானஸ் எண் இருக்கிறது. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய சேவை, 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால், விடியட்டும் என்று காத்திருக்காமல் கணவரை எழுப்புங்கள், அந்த எண்ணைக் கூப்பிடுங்கள்.

எழுதுகிற கை சும்மா இருப்பதும் உங்களுக்கு ஆகாது. ஜேம்ஸ் பென்னபேக்கர் என்ற உளவியலாளர் 1986இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், கல்லூரி மாணவர்கள் தினம் 15 நிமிடம், தொடர்ந்து நாலு நாள், தங்களை மிகவும் புண்படுத்திய அனுபவத்தை எழுதினார்கள். எழுதி முடித்தவுடன் மனம் இன்னும் கனத்தது என்றார்கள். ஆனால் அடுத்து வந்த மாதங்களில், சாதாரண விஷயங்களை எழுதியவர்களைவிட இவர்கள் மருத்துவரிடம் போனது குறைவு. எல்லாருக்கும் இது பலிக்கும் என்று சொல்ல முடியாது. உங்களுக்குப் பொருந்தும் என்று தோன்றுகிறது. நாலு நாள், கால் மணி நேரம், மகனைப் பற்றி. யாருக்கும் காட்ட வேண்டாம், எழுத்துப்பிழை பார்க்க வேண்டாம் (பழக்க தோஷத்தில் சிவப்பு மை பேனாவை எடுத்துவிடாதீர்கள்). அடுத்தவருக்குக் கேட்கிற மாதிரி எழுதியே பழகிய கை அது, முதல் இரண்டு நாள் வராது. எழுத எழுத இன்னும் மோசமாகிறது என்றால் நிறுத்திவிடுங்கள்.

பங்கு மாறலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போது மாறினால், போகிற பங்கிலும் மூணாவது மாதம் யாராவது, “டீச்சருக்கு எத்தனை பிள்ளைங்க?” என்று கேட்பார்கள். அதற்கு ஒரு பதில் தயாரான பிறகு மாறுவதா வேண்டாமா என்று யோசிக்கலாம்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம், வெறும் ஊகம்தான். உங்கள் கணவர் மாதம் இரண்டு தடவை மேட்டுப்பாளையம் போய் பிரஷர் மாத்திரை வாங்கி வருகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். கோத்தகிரி பஜாரிலேயே எத்தனையோ மருந்துக்கடை. பிரஷர் மாத்திரைக்காக 33 கிலோமீட்டர் மலையிறங்குகிற ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து கோயம்புத்தூருக்கு ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடத்தான். வாய் பேசாத மனுஷர் என்று அவரை விட்டுவிடாதீர்கள். அடுத்த தடவை அவர் பையை எடுக்கும்போது ஒன்றும் கேட்காதீர்கள். நீங்களும் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, பஸ் ஸ்டாப்புக்குக் கூடவே நடங்கள். வழியில் அரவேணு தாண்டுவதற்குள் அவராகவே சொல்லிவிடுவார் என்று நினைக்கிறேன்.